அறுபத்து நான்கு சீட்டுகள்

பிப்ரவரி 9

அக்கா,

நாலு வருஷமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இரண்டு பேருக்கும் வீம்பு சமம்தான். இப்போது எழுதுவதும் எனக்காக இல்லை.

உன் அகராதி அலுவலகத்திலிருந்து அப்பா பெயருக்கு ஒரு அச்சடித்த சுற்றறிக்கை வந்தது. உள்ளே நீ எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. உறைமேல் விலாசம் மட்டும் உன் கையெழுத்து. அதைப் பிடித்துக்கொண்டு மனிதர் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடக்கிறார். “பாத்தியாடா, அவ எழுதியிருக்கா.”

“அப்பா, இது இங்கிலீஷ் தெரிஞ்ச எல்லாருக்கும் போயிருக்கும்” என்றேன்.

“போகட்டுமே. எனக்கும் வந்துச்சுல்ல?”

பரணிலிருந்து டைப்ரைட்டரை இறக்கச் சொன்னார். ரிப்பன் காய்ந்து ஓலையாக இருந்தது. புதிது தேடி மூன்று கடை அலைந்தேன். முப்பத்தோரு வருஷம் வக்கீல் ஆபீசில் ஊரார் கடிதங்களை அடித்தவர், தன் பெயரில் ஒரு கடிதம் அடித்து நான் பார்த்ததில்லை. இப்போது காகிதத்தைச் சீட்டுச் சீட்டாக நறுக்கி வைத்துக்கொண்டு, சீட்டுக்கு ஒரு வாக்கியமாக அடிக்கிறார். என்ன அடிக்கிறார் என்று எனக்குத் தெரியாது. லிஃப்ட் ரிப்பேர்காரனான எனக்கு, அதன் பொத்தானில் இருக்கிற அளவுக்குத்தான் இங்கிலீஷ்.

குரல் மட்டும் கொஞ்சம் கம்மியிருக்கிறது. குளிர் என்கிறார். ஒரு தடவை வந்துவிட்டுப் போயேன்.

தம்பி

பிப்ரவரி 18

நெட்டைக்கு,

உன் கடிதம் கண்டதும் முதலில் பயந்துவிட்டேன். பிறகு படித்துவிட்டுச் சிரித்தேன்.

அந்தச் சுற்றறிக்கையை நான் பாசத்தில் அனுப்பினேன் என்று அவர் நினைக்க வேண்டாம். நூறு பேருக்கு அனுப்பச் சொன்னார்கள். தொண்ணூற்றொன்பது பெயர்தான் தேறியது. நூறாவதாக அவரைப் போட்டேன், அவ்வளவுதான்.

விஷயம் இது. எங்கள் தலைமை ஆசிரியருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கத்தரி. யார் எழுதினாலும் பாதியை வெட்டிவிடுவார். அவர் என்னிடம் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து “இது உன் பாடு” என்று சொல்லிவிட்டார். யானை, ஒட்டகம் மாதிரிச் சொற்களை ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம். எனக்கு வாய்த்தது ஃபார். மூன்றெழுத்துப் பொடி. ஆறு மாதமாக என்னை ஆட்டிவைக்கிறது. உனக்காக என்பதற்கும் அதே சொல், மூன்று மணி நேரமாக என்பதற்கும் அதே சொல். எனக்குப் பதிலாக, ஊரை நோக்கி, கட்சிக்கு ஆதரவாக, அவ்வளவு இருந்தும், இதற்குத் தக்க, எல்லாவற்றுக்கும் அதே. தனியாக நிற்கும்போது அதற்கு ஒரு பொருளும் கிடையாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் முகத்தை மாற்றிக்கொள்கிறது. இதுவரை இருபத்திரண்டு பொருள் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் வேண்டும். ஒரு சீட்டில் ஒரு வாக்கியம், இட்டுக்கட்டியதாக இருந்தாலும் ஏற்கப்படும், சொந்த விஷயம் வேண்டாம். சுற்றறிக்கையில் இருப்பது இவ்வளவுதான்.

வரச் சொல்கிறாய். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் மறைத்தவர் அவர். பரீட்சை கெட்டுவிடுமாம். நான் வந்தபோது அம்மாவின் கட்டிலைக்கூட மடித்து வைத்திருந்தீர்கள். அந்தக் காலிச் சுவரைப் பார்த்தது எனக்கு இன்னும் போதும் போதும் என்றிருக்கிறது. வரமாட்டேன்.

சீட்டுகளை அலுவலக விலாசத்துக்கே அனுப்பச் சொல். வீட்டு விலாசம் கேட்காதே.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

அப்பா உனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டதாகச் சொல்கிறார். “நீ ஒண்ணும் எழுதக் கூடாது. அத நான்தான் அவகிட்ட சொல்லணும்” என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதனால் அந்தப் பேச்சை நான் எடுக்கப்போவதில்லை.

கேட்க வேண்டியதை மட்டும் கேட்கிறேன். அவர் அனுப்பியதைப் படித்தாயா? படித்திருந்தால் எப்போது வருகிறாய்?

நான் மாதத்தில் பாதி நாள் லீவு. சூப்பர்வைசர் என்னைப் பார்த்தாலே முறைக்கிறார். அவர் முறைத்துக்கொள்ளட்டும்.

தம்பி

ஏப்ரல் 13

நெட்டைக்கு,

அனுப்பியதெல்லாம் வந்தது. ஒன்று விடாமல் படித்தேன். உண்மையைச் சொன்னால் மிகவும் உபயோகமாக இருந்தது. மற்றவர்கள் அனுப்புவதெல்லாம் பூனை பாலுக்காக அழுகிறது, ரயிலுக்காகக் காத்திருந்தோம் என்ற ரகம். அப்பாவுடையது ஒவ்வொன்றும் அளந்து அடித்தது மாதிரி இருக்கிறது. எழுத்துப் பிழை கிடையாது, பின்னால் பென்சிலில் வரிசை எண் வேறு.

கால அளவைக் குறிக்கும் பொருளுக்கு இப்படி ஒன்று: மூன்று வாரமாகப் பால் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை. தகுதி என்ற பொருளுக்கு இன்னொன்று: அறுவைச் சிகிச்சைக்கு இந்த உடம்பு தாங்காது என்கிறார் வைத்தியர். நேரே அச்சுக்குப் போகலாம். மனிதருக்கு இவ்வளவு கற்பனை உண்டென்று யாருக்குத் தெரியும்? சோகம்தான் கொஞ்சம் தூக்கல். கத்தரி படித்துவிட்டு, “யாரும்மா இது, நாடகம் எழுதுறவரா?” என்று கேட்டார். டைப்பிஸ்ட் என்றேன். என் அப்பா என்று சொல்லவில்லை.

வருவதைப் பற்றி இப்போது கேட்காதே. ஜூலையில் இந்தப் பகுதி அச்சுக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு யோசிக்கலாம். பதிலாக என்ற பொருளுக்கும் இருந்தபோதிலும் என்ற பொருளுக்கும் சீட்டு போதவில்லை. இன்னும் அனுப்பச் சொல்.

அக்கா

ஏப்ரல் 21

உபயோகமாக இருந்ததா? நல்லது.

உன் கடிதத்தில் அந்த ஒரு வரியை மட்டும் அவரிடம் சொன்னேன். இன்னும் அனுப்பச் சொல்கிறாள் என்றேன். மீதியைப் படித்துக்காட்ட எனக்கு வாய் வரவில்லை. அவருக்குச் சந்தோஷம். உடனே காகிதம் நறுக்கச் சொன்னார்.

ஜூலைக்குப் பிறகு யோசிக்கிறாயா? யோசி. அகராதியைக் கட்டிக்கொண்டு அழு. என்னிடமிருந்து இனிக் கடிதம் எதிர்பார்க்காதே.

மே 10

நெட்டைக்கு,

எதற்கு இவ்வளவு கோபம் என்று புரியவில்லை. புரிந்துகொள்ளவும் நேரமில்லை.

அப்பாவிடம் ஒன்று சொல்லிவிடு. இந்த வாரம் வந்த உறையில் அவருடைய முப்பத்தோராவது சீட்டைப் பார்த்தேன். உன் நன்மைக்காக என்று நினைத்து உன் அம்மாவின் நோயை உன்னிடம் மறைத்தேன் என்று அடித்திருக்கிறார். பூனைக்கும் பாலுக்கும் நடுவில் சாமர்த்தியமாக இதைச் செருகியிருக்கிறார்! நாலு வருஷம் வாயைத் திறக்காதவர், என் வேலைக்கு நடுவில், என் மேசைக்கு, டைப் அடித்து அனுப்புகிறார். நான் அன்று கழிவறையில் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன். சீட்டில் சொந்த விஷயம் எழுதக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. அதைப் படிக்கச் சொல்.

பதில் போடாவிட்டால் போ.

அக்கா

ஜூன் 19

அக்கா,

நீ திரும்பிப் போய் எட்டு நாளாகிறது. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

தந்தியை நான் அனுப்பியது சனிக்கிழமை மத்தியானம். நீ கொடுத்து வைத்திருந்த ஒரே விலாசம் அலுவலகம். அது திங்கட்கிழமை காலை வரைக்கும் பூட்டிய கதவுக்கு உள்ளே கிடந்தது என்று நீ சொன்னாய். நீ வந்தது செவ்வாய். இந்தத் தடவை கட்டிலை மடிக்கவில்லை. உனக்காகத்தான் அப்படியே விட்டிருந்தேன். அதையும் நீ பார்க்கவில்லை, நான் உள்ளே விடவில்லையே.

வாசலில் நின்று என்ன சொன்னாய்? “எனக்குத் தெரியாதுடா. அதெல்லாம் எடுத்துக்காட்டுன்னு நெனச்சேன்டா.” அப்பன் செத்ததற்கு இப்படி ஒரு சாக்கு உலகத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கதவைச் சாத்தினேன். நீ மாடிப்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் நானும் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அந்தச் சீட்டுகள் வேண்டும். உன் அலுவலகத்துச் சொத்து என்று சொல்லாதே. குரல் போன பிறகு அவர் என்னிடம் சைகையில்தான் பேசினார். தண்ணீர், விளக்கு, ஜன்னல், அவ்வளவுதான். பேச்செல்லாம் உனக்குத்தான் வந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

தம்பி

ஜூலை 1

தம்பி,

சீட்டுகளைக் கேட்டாய். உடனே அனுப்ப முடியாமல் போனதற்குக் காரணம், அவை ஒரே இடத்தில் இல்லை.

எங்கள் வேலை முறை அப்படி. வந்த சீட்டை அனுப்பியவர் பெயரில் வைப்பதில்லை. எந்தப் பொருளுக்கு உதவுகிறதோ அந்தப் பொருளின் பெட்டியில் போடுவோம். அப்பா ஒரு உறையில் அனுப்பிய நாலு சீட்டு நாலு பெட்டிக்குப் போயின. நீளவாக்கில் எழுதியதை நான் குறுக்குவாக்கில் பிரித்துவிட்டேன். இருபத்திரண்டு பெட்டியையும் தரையில் கவிழ்த்து, இரண்டாயிரத்துச் சொச்சம் சீட்டுகளுக்குள் அவர் அடித்ததை மட்டும் தேடி எடுத்தேன். கத்தரி வந்து பார்த்தார். “என்னம்மா பண்றே?” என்றார். எங்க அப்பா என்றேன். அவரும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் இருந்த எண்களின்படி அடுக்கினேன். அது கடிதம், தம்பி. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே கடிதம். உனக்குப் புரிவதற்காகத் தமிழில் எழுதுகிறேன். எல்லாவற்றையும் தனியாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சிலதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று. முப்பத்தோரு வருடம் பிறருக்காகக் கடிதம் அடித்தேன்.

இரண்டு. இந்த உறைக்காக நான்கு வருடம் காத்திருந்தேன்.

பதினான்கு. தொண்டையில் இருப்பதற்கு வைத்தியர் ஒரு பெயர் சொன்னார். அதை அடிக்க என் விரல் போகவில்லை.

இருபத்தாறு. உன் தம்பியைக் குற்றம் சொல்லாதே. இதைச் சொல்லும் பொறுப்பு எனக்குத்தான்.

முப்பத்தொன்று உனக்குத் தெரியும். அதற்கு அடுத்தது முப்பத்திரண்டு. அதற்கு மன்னிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும்.

நாற்பது. உன் தம்பி இப்போது எனக்குப் பதிலாகத் தொலைபேசியில் பேசுகிறான், எனக்குப் பதிலாகக் கடைக்காரரிடம் சண்டை போடுகிறான்.

நாற்பத்தேழு. தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரருக்காக நாற்காலியை வாசலில் போடுகிறேன்.

ஐம்பத்து மூன்று. அவ்வளவு கோபம் இருந்தும் நீ என் வேலையை ஏற்றுக்கொண்டாய்.

இவை ஒவ்வொன்றின் ஓரத்திலும் என் பென்சில் குறி இருக்கிறது. காலம். பதிலாக. இருந்தபோதிலும். முப்பத்தோராவது சீட்டு நிஜம் என்று எனக்குத் தெரிந்தது, தம்பி. ஒன்று நிஜமென்றால் மற்றதும் நிஜமாக இருக்கலாமே என்று ஒரு நிமிஷம் தோன்றவும் செய்தது. தோன்றியதும் கோபம் வந்தது. அதற்குப் பிறகு வந்த உறைகளில் ஃபார் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். வாக்கியத்தைப் பார்க்கவில்லை. எடுத்துக்காட்டென்று நினைத்தேன் என்று வாசலில் சொன்னது பாதிதான் உண்மை. மீதிப் பாதி இதுதான்.

அறுபத்து நான்கு சீட்டுகள். அறுபத்து மூன்று இந்த உறையில் இருக்கின்றன. கடைசிச் சீட்டைத் தேர்ந்தெடுத்து அச்சகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். அதில் என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அக்கா

ஜூலை 9

அக்கா,

வந்தது. நீ தமிழில் எழுதியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் அடித்ததை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். பின்பக்கம் எழுத்து புடைத்துக்கொண்டிருக்கிறது. முதல் சீட்டுகளில் நன்றாகப் புடைத்திருக்கிறது. ஐம்பதுக்கு மேல் ஒன்றும் தட்டுப்படவில்லை. விரலில் பலமில்லாமல் அடித்திருக்கிறார்.

கடைக்காரரிடம் நான் சண்டை போட்டது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கிறேன். ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்.

எங்கள் வேலையில் ஒன்று உண்டு. லிஃப்டுக்குள் இருக்கிற ஆபத்து மணியை மாதம் ஒரு தடவை சோதனைக்காக அடிப்போம். குடியிருப்பவர்கள் அதைக் காதில் வாங்குவதே இல்லை. போன வருஷம் ஒரு கட்டடத்தில் சோதனை நாள் அன்று ஒரு அம்மாள் நிஜமாகவே நடுவில் மாட்டிக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் மணி அடித்திருக்கிறார். எல்லோரும் வீட்டிலேயேதான் இருந்திருக்கிறார்கள். நான் போய்க் கதவை நெம்பித் திறந்தபோது அந்த அம்மாள் யாரையும் திட்டவில்லை. “கேட்டுச்சா?” என்று மட்டும் கேட்டார். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த அம்மாள் முகம் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஆனால் சோதனை இல்லை என்று தெரிந்தவன் ஒருவன் இருந்தேனே, அக்கா. நான்தான். சத்தியம், சத்தியம் என்று இருந்துவிட்டேன். சத்தியமாவது மண்ணாவது. நீ ஏப்ரலில் அந்தப் பால் சீட்டைப் பற்றி எழுதியபோதே உனக்குப் புரியவில்லை என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அப்பா சாகப் போகிறார் என்று ஒரு வரி போட்டிருக்கலாம். வீம்பில் போடவில்லை. புரியாதவள் மாதிரி நடிக்கிறாள், பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்தேன். தெரிந்துகொண்டாய். நானும்தான்.

அறுபத்து நாலாவது சீட்டில் என்ன இருக்கிறது?

தம்பி

ஜூலை 22

தம்பி,

அச்சகத்துக்கு நானே போனேன். மூலச் சீட்டுகளை ஆணியில் குத்தி வைத்திருந்தார்கள். எழுத்துக் கோக்கிறவர் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். கடைசிக்கு முந்தியது அது. நடுவில் ஆணித் துளை இருக்கிறது. எழுத்து மிகவும் மங்கல். இரண்டு இடத்தில் ஒரே எழுத்தின் மேல் இரண்டு தடவை அடித்திருக்கிறார்.

இந்த ஒரு முறையாவது உன்னிடம் நேரத்தோடு சொல்லிவிட்டேன்.

இதுதான் அந்த வாக்கியம். வேறொன்றும் இல்லை. அவர் நிம்மதியாகப் போனார் என்று இதற்குப் பொருளா, இல்லை அதைவிட மோசமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இருபத்திரண்டு பொருள் பிரித்தவள் நான்.

ஓரத்தில் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. ‘நல்ல வாக்கியம். சேர்க்கலாம்.’ கீழே மே மாதம் முப்பதாம் தேதி போட்டிருக்கிறேன். அவருக்கு அப்போது இன்னும் எட்டு நாள் இருந்திருக்கிறது. ஒரு ராத்திரி ரயில் தூரம்தானே, தம்பி.

பக்கத்தைக் கோத்துவிட்டார்கள். அடுத்த வாரம் அச்சேறும். எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுவார்கள், கத்தரியிடம் பேசிவிட்டேன். “உங்க ரெண்டு பேர் இஷ்டம்மா” என்றார். உன்னைக் கேட்காமல் நான் முடிவு செய்யமாட்டேன். சீட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதை வைத்துக்கொள்ளும் தகுதி எனக்கில்லை.

அக்கா

ஜூலை 28

அக்கா,

எடுக்க வேண்டாம். புத்தகத்திலாவது அதை யாராவது ஒழுங்காகப் படிக்கட்டும்.

சீட்டை மற்றதோடு சேர்த்து வைத்துவிட்டேன். அறுபத்து நாலும் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. டைப்ரைட்டரைப் பரணில் ஏற்றவில்லை, மேசையிலேயே இருக்கிறது. வாசலில் அந்த நாற்காலியும் அப்படியே கிடக்கிறது. தபால்காரர் தாண்டிப் போகும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

இனி நமக்குள் எதையும் சுற்றி வளைக்க வேண்டாம். நேராகவே எழுதுகிறேன். எனக்கு உன்மேல் கோபம் போகவில்லை. எப்போது போகும் என்றும் தெரியாது. என்மேல் இருக்கிற கோபம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. ராத்திரியில் டைப் அடிக்கிற சத்தம் கேட்கிற மாதிரி இருந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இந்த வீட்டில் தனியாக இருக்க என்னால் முடியவில்லை. சனிக்கிழமை ரயிலில் வா. ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

இது எடுத்துக்காட்டு வாக்கியம் இல்லை.

தம்பி